ஆட்டோக்காரரை ‘மேடம்’ என்று கூப்பிட்ட குழந்தை: வட சென்னை இல்லம் ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

புழல் பெண்கள் சிறையிலிருந்து வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம். டிரைவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஆறு வயதுக் குழந்தை வண்டியில் ஏறாமல், கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று, “குட் மார்னிங் மேடம்” என்றது. அவரோ பெரிய மீசைக்காரர். “இன்னா பாப்பா, என்னப் பாத்தா மேடம் மாரியா கீது?” என்று சிரித்தார். குழந்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வயதிலிருந்து தாயோடு சிறைக்குள் வளர்ந்த அது பார்த்த காக்கிச் சட்டைக்காரர்கள் எல்லோருமே பெண்கள். கதவைத் திறப்பவர் மேடம், தலையை எண்ணுபவர் மேடம், ஊசி போடக் கூட்டிப் போகிறவர் மேடம்.

மூலக்கடை தாண்டும்வரை என் முந்தானையை அவள் விடவில்லை. லாரி ஹாரன் அடித்தபோதெல்லாம் என் மடியில் முகத்தைப் புதைத்தாள். அழவில்லை. அன்றைக்கு அவள் அழாதது நல்ல அறிகுறி என்று நோட்டில் எழுதினேன். அது என் முதல் தப்பு.

நான் தண்டையார்ப்பேட்டைப் பக்கம் ஒரு சிறுமியர் இல்லத்தில் ஆலோசகர். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ சிறையில் இருக்கும் பெண் பிள்ளைகள்தான் இங்கே அதிகம். இருபது பேருக்கு மேல் இடம் போதாத மாடி வீடு. இந்தப் பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் பெயர் இல்லை. மூத்தவள், இளையவள், அவ்வளவுதான். வயது, வழக்கு, உறவு விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நாங்கள் செய்ததை மாற்றவில்லை.

குடும்பம்

இவர்கள் காசிமேட்டுப் பக்கத்துக் குடும்பம். இளையவள் வயிற்றில் இருக்கும்போதே அப்பா ஒரு கொலை வழக்கில் உள்ளே போனார், ஆயுள் தண்டனை. அம்மா மீன் விற்றாள், வட்டிக்கு வாங்கினாள், வட்டி கட்ட மறுபடி வாங்கினாள். அவளுடைய தம்பி ஒருநாள், ஆந்திராவிலிருந்து ரயிலில் இரண்டு பை கொண்டுவந்தால் போதும், கடனில் பாதி தீரும் என்றான். இரண்டு பையிலும் சேர்த்து 24 கிலோ கஞ்சா. ஸ்டேஷனிலேயே பிடித்துவிட்டார்கள். தம்பி அந்த ரயிலில் இல்லை. அவன் பெயரை அவள் கடைசிவரை சொல்லவில்லை.

20 கிலோவைத் தாண்டிவிட்டால் சட்டப்படி அது வணிக அளவு. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு குறுக்கே நிற்பதால் ஜாமீன் கிடைப்பது மிகவும் கஷ்டம். குற்றம் நிரூபணமானால் குறைந்தபட்சமே பத்து வருடம், ஒரு லட்ச ரூபாய் அபராதம். அவளுக்கு அந்தக் குறைந்தபட்சம்தான் விழுந்தது. மற்றக் கைதிகளுக்கு நன்னடத்தைக்குக் கழிக்கிற நாட்களும் இந்தச் சட்டத்தில் கிடையாது (32-ஏ பிரிவு). விசாரணைக் கைதியாக இருந்த காலத்தைக் கழித்தாலும், அவள் வெளியே வரும்போது மூத்தவளுக்கு 18 முடிந்திருக்கும்.

‘வட சென்னை’ என்றாலே அரிவாளும் கஞ்சாவும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் குடும்பம் தோதாக அமைந்துவிட்டது. அதே தெருவில், அதே கடனில், பையைத் தொட மாட்டேன் என்று சொன்ன பத்துப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி யாரும் நிகழ்வு ஆய்வு எழுதுவதில்லை.

அம்மா கைதானபோது மூத்தவளுக்கு எட்டு வயது, இளையவளுக்கு இரண்டு. சிறைக்குள் தாயோடு குழந்தை ஆறு வயதுவரை இருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம் 2006 ஏப்ரலில், ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் வகுத்த விதி. அதனால் இளையவள் அம்மா இடுப்பிலேயே உள்ளே போனாள். மூத்தவளைப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். முந்தைய காலமாக இருந்தால் ஒரு பேரேட்டில் பெயர் எழுதிச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். இப்போது முடியாது. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்தி, அவர்கள் ஆணை போட்ட பிறகுதான் எங்கள் பிள்ளை.

பாட்டியிடம் விடலாமே என்று குழுவில் கேட்டார்கள். நியாயமான கேள்வி, இல்லம் என்பது வேறு வழியே இல்லாதபோதுதான் என்று சட்டமே சொல்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கவும் வழி உண்டு. ஆனால் கருவாடு விற்கும் அந்தப் பாட்டி இருந்தது ஒற்றை அறை வீடு, அதே அறையில்தான் அந்தத் தம்பியும் இருந்தான். மூத்தவள் எங்களிடமே தங்கினாள்.

பூட்டாத கதவு

ஆறு வயதானதும் இளையவள் எங்களிடம் வந்த முதல் வாரத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

சாயங்காலம் ஆறு மணியானால் விளையாட்டை விட்டுவிட்டு உள்ளே வந்து, பாயை விரித்து, சுவரோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். சிறையில் இருட்டுவதற்குள் லாக்கப் செய்துவிடுவார்கள். சமையல் ஆயா ராத்திரி டிபனுக்குக் குக்கர் வைத்தால், விசில் சத்தத்துக்கு எழுந்து பக்கத்துக் குழந்தையோடு ஜோடியாக நிற்பாள். கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டாள். மூன்று விசிலுக்கும் மூன்று தரம். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். மூத்தவள் சிரிக்கவில்லை, தங்கையைப் பிடித்து உட்கார வைக்கவும் இல்லை. தலையைக் குனிந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

தூக்கம்தான் பெரிய பாடு. “கதவ எப்ப மேடம் பூட்டுவீங்க?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பூட்ட மாட்டோம் கண்ணு, சும்மா சாத்துவோம் என்றால் முகம் மாறிவிடும். பூட்டாத கதவு வழியாக யாரும் வரலாம் அல்லவா. அவளுக்குத் தெரிந்த ராத்திரி வெளியே பூட்டு விழும் சத்தத்தோடுதான் தொடங்கும். இரண்டு வாரம் பார்த்தோம். கடைசியில் வார்டன் அக்கா ஒரு யோசனை சொன்னார்: கதவு உள்பக்கத் தாழ்ப்பாளை அவளையே போடச் சொல்லலாம். ஸ்டூல் போட்டு ஏறி அவள் தாழ்ப்பாள் போட்டாள். காலையில் அவளே திறந்தாள். மனநல மருத்துவர்கள் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எங்களுக்கு வேலை நடந்தது.

பிள்ளைகள் எங்களை அக்கா என்பார்கள். ‘மேடத்’திலிருந்து ‘அக்கா’வுக்கு வர அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. நடுவில் கொஞ்ச நாள் ‘மேடக்கா’ என்றுகூடக் கூப்பிட்டாள்.

நாங்கள் எடுத்த முடிவு

சிறைக்குப் போய் ஆளைப் பார்ப்பதை எங்கள் பக்கம் ‘மனு பார்ப்பது’ என்பார்கள். மனு எழுதிக் கொடுத்து, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்து, பார்த்துவிட்டு வர அரை நாள் போய்விடும். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய மத்தியச் சிறை இருந்த காலத்தில் ராயபுரத்து ஜனம் நடந்தே போய் மனு பார்த்துவிட்டு வந்துவிடும். 2006-இல் புழலுக்கு மாறியபின் அது இரண்டு பஸ் மாறும் பயணம். ஒருநாள் கூலியை இழக்க வேண்டியிருக்கும்.

இல்லத்துப் பிள்ளையை வாரத்துக்கு ஒரு தடவையாவது தாயிடம் அழைத்துப்போக வேண்டும் என்று அதே 2006 தீர்ப்பு சொல்கிறது. நாங்கள் மூத்தவளை மாதம் ஒருமுறைதான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தோம். ஆள் இல்லை, சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ், மழை. காரணத்துக்கா பஞ்சம்?

இளையவள் வந்து இரண்டு வாரம் கழித்து இருவரையும் சேர்த்துக் கூட்டிப்போனோம். திரும்பும்போது இளையவள் அம்மாவின் கழுத்தை விடவில்லை. இரண்டு வார்டர்கள் சேர்ந்து கையைப் பிரித்து எடுத்தார்கள். அன்று ராத்திரி ஜுரம். ஒரு வாரம் படுக்கையில் சிறுநீர் போனாள். அடுத்த முறையும் அப்படியே. ஊழியர் கூட்டத்தில் பேசினோம். குழந்தை இங்கே ஒட்டும்வரை மூன்று மாதத்துக்கு மனு வேண்டாம் என்று முடிவானது. தீர்மானத்தை எழுதியது நான். ‘குழந்தையின் நலன் கருதி’ என்று தொடங்கியிருந்தேன். அந்தச் சொற்றொடரைப் போட்டுவிட்டால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

ஜுரம் நின்றது. அழுகையும் நின்றது. எங்களுக்குத் திருப்தி. படுக்கை மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. அது தானாகப் போகும் என்றோம்.

அந்த மூன்று மாதத்தில் மூத்தவள் வேறு ஆளாகிவிட்டாள். தங்கையோடு பேச்சு நின்றது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் தங்கையை ஓங்கி அறைந்தாள். ஸ்டோர் ரூமில் பிஸ்கட் பாக்கெட் குறைந்தது, சோப்பு குறைந்தது. ஒரு தடவை கையும் களவுமாகப் பிடிபட்டாள். அவளுடைய ஃபைலில், தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில், ‘திருட்டுப் பழக்கம் தென்படுகிறது, கண்காணிக்கவும்’ என்று ஏறியது. அதையும் எழுதியது என் பேனாதான்.

ட்ரங்குப் பெட்டி

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. மூத்தவளின் ட்ரங்குப் பெட்டிக்குக் கீழே இருந்து ஜன்னல்வரை சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது. திறந்து பார்த்தோம். ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட் ஏழு. பிரிக்காத குளியல் சோப்பு ஒன்று. தேங்காய் எண்ணெய் பாக்கெட் நாலு. ஒரு ஜோடி கருப்புக் கிளிப். சத்துணவில் போட்ட அவித்த முட்டை இரண்டு, காகிதத்தில் சுற்றி. நாற்றம் அடிக்க ஆரம்பித்திருந்தது. எதையும் அவள் தின்றிருக்கவில்லை, உபயோகிக்கவும் இல்லை.

“யாருக்குடா இது?”

ரொம்ப நேரம் கழித்து, “மனுக்கு” என்றாள்.

அம்மாவுக்குச் சேர்த்து வைத்திருக்கிறாள். அதில் பாதியைச் சிறை வாசலில் உள்ளே விட மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். நாங்கள் பேசாமல் நின்றதைப் பார்த்து, அதுவரை அடக்கி வைத்ததை எல்லாம் கொட்டினாள். “அவ நாலு வருஷம் அம்மாகூடவே இருந்தா. எனுக்கு மாசத்துக்கு அரை மணி நேரந்தான். இப்ப அவ அழுவுறான்னு அதையும் நிறுத்திட்டீங்க. நான் அழுதா யாரு நிறுத்துனீங்க?”

இதை நான் பல இடங்களில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், கேட்பவர்கள் முதலில் நம்புவதில்லை. மூத்தவளுக்குத் தங்கை மேல் பொறாமை. தங்கை ஜெயிலில் இருந்தாள் என்பதற்காகப் பொறாமை. அவளைப் பொறுத்தவரை அம்மா போகும்போது ஒரு பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள், இன்னொன்றை வாசலில் விட்டுவிட்டாள். எட்டு வயதில் அந்தக் கணக்கு மனசில் விழுந்துவிட்டது. வயது வரம்பு, சட்டம் என்று நாங்கள் எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறோம். “தெரியும்க்கா” என்பாள். தெரிந்தது வேறு, மனசில் இருந்தது வேறு.

நிறுத்துவதென்று முடிவெடுத்த கூட்டத்தில் நாங்கள் இளையவளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். மூத்தவள் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. மினிட்ஸ் நோட்டைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

சனிக்கிழமை

அடுத்த வாரமே குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதி, வாரம் ஒருமுறை அழைத்துப்போக ஆணை வாங்கினோம். சிறைக் கண்காணிப்பாளருக்குத் தீர்ப்பின் அந்தப் பத்தியைச் சேர்த்துக் கடிதம் கொடுத்தோம். தடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று கத்திப் பேசுவதை மாற்றி, குழந்தைகள் தாயோடு உட்கார ஓர் அறை தந்தார்கள். சண்டை போட வேண்டியிருக்கும் என்று நினைத்துப் போனேன், கேட்டதும் கிடைத்தது. நாலு வருடம் நாங்கள் கேட்கவில்லை.

இளையவள் அழுதாள். முதல் ஐந்தாறு வாரம் கேட் அதிர அழுதாள். ஆனால் ஜுரம் வரவில்லை. ‘இனி எப்பம்மா?’ என்பதற்கு ‘அடுத்த சனிக்கிழமை’ என்று பதில் இருந்தது. அந்தப் பதில் உண்மையாகவும் இருந்தது. இல்லத்துச் சுவர்க் காலண்டரில் சனிக்கிழமைக் கட்டங்களில் அவளே கலர் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தாள். மூன்றாவது மாதத்தில் பாய் நனைவது அபூர்வமாகிவிட்டது. மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை.

மூத்தவள் சனிக்கிழமை காலைகளில் தலை வாரிக்கொள்ள மாட்டாள். எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டு பரட்டையாக வருவாள். வார்டன் அக்காவுக்குக் கோபம்: “ஜெயிலுக்குப் போறப்பவாச்சும் லட்சணமா வர வேணாமாடி?” எனக்கும் முதலில் புரியவில்லை. அறைக்குள் போய் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். சீப்பு உள்ளே கொண்டுபோக முடியாது. அம்மா விரலாலேயே சிக்கெடுத்து, விரலாலேயே வகிடு பிரித்து, இரட்டைச் சடை பின்னினாள். பேச்சு அதிகம் இல்லை. கிடைத்த நேரத்தில் முக்கால்வாசி சடைக்கே போனது. இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சு வரும்போது நீட்டுவதற்காக ரப்பர் பேண்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அக்கா தோளில் தங்கை தூங்கினாள். சடை கலையக் கூடாது என்று மூத்தவள் ஞாயிற்றுக்கிழமையும் தலை வாரவில்லை.

ஃபைலில் ‘திருட்டு’ என்று எழுதிய பக்கத்தைக் கிழிக்க விதி இல்லை. அதன் கீழே, நடந்தது என்ன என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். மூத்தவள் படித்துப் பார்த்தாள். “எழுத்துப் பிழை கீதுக்கா” என்று ஒற்றெழுத்து ஒன்றைக் காட்டினாள்.

காகித வேலை

சுருக்கமாகச் சொல்கிறேன், இதையே ஒரு தனிக் கட்டுரையாக எழுதலாம். சாதிச் சான்றிதழுக்கு அப்பாவின் காகிதம் வேண்டும், அப்பா ஒரு சிறையில். விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்து, அம்மா அடுத்த சிறையில். இரண்டும் ஒரே வளாகம், இரண்டு வரிசை. டி.சி. இல்லை என்று பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். தலைமையாசிரியை ஒருவருக்கு அந்தப் பிரிவைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. ‘தந்தை தொழில்’ என்ற கட்டத்தில் கோடு போட்டுவிடச் சொன்னோம்.

நல்ல மனசுக்காரர் ஒருவர் மூத்தவளைத் தனியார் இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கப் பணம் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். 2022 செப்டம்பர் 5-இல் அதைத் தொடங்கி வைத்தது இங்கே பக்கத்தில் பாரதி மகளிர் கல்லூரியில்தான். ஓசிப் பணம் எந்த வருடமும் நிற்கலாம். 18 முடிந்தால் இல்லத்திலிருந்து வெளியே. 21 வரை பின்பராமரிப்பு உண்டு, அதையும் கேட்டு வாங்க வேண்டும்.

சீர்

மூத்தவள் பெரிய மனுஷியானது எட்டாம் வகுப்பு அரைப் பரீட்சை சமயம். இல்லத்தில் யார் வயதுக்கு வந்தாலும் சின்னதாக ஒரு சடங்கு உண்டு: சமையல் ஆயா மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார், புட்டு அவிப்போம், பிள்ளைகள் நலங்கு வைப்பார்கள். இது தேவையா என்று என் சிநேகிதி ஒருத்தி கேட்டாள். தேவையோ இல்லையோ, தெருவில் மற்ற வீட்டுப் பெண்ணுக்கு நடப்பது தனக்கு மட்டும் நடக்கவில்லை என்று ஒரு பிள்ளை நினைக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அழுதாள், சிரித்தாள், அப்புறம் முதலில் கேட்டது: “மாமன் சீர் வந்துச்சா?”

மூத்தவள் பதில் சொல்லவில்லை.

மறுநாள் பாட்டியோடு அவன் வந்தான். தாய்மாமன். தாம்பாளத்தில் பட்டுப் பாவாடை தாவணி, ஒரு டஜன் கண்ணாடி வளையல், பூ, பழம், வெற்றிலை பாக்கு. எங்கள் பார்வையாளர் பட்டியலில் பாட்டி பெயர் உண்டு, அவன் பெயர் இல்லை. வாசலிலேயே நிறுத்தினோம். பாட்டி எங்களைத் திட்டித் தீர்த்தார். “மாமன் சீர் இல்லாம சடங்கா? நீங்கள்லாம் பொம்பளைங்களா?” அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. தாம்பாளத்தை ஏந்தியபடியே நின்றான்.

மூத்தவளிடம் கேட்டோம். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்பது எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பை யாருடையது என்று நாங்கள் யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். “வாங்கி வையுங்க. அம்மா கேட்டா வந்துச்சுன்னு சொல்லணும்” என்றாள். “நான் உடுத்த மாட்டேன்.”

வாங்கி வைத்தோம். பழமும் பூவும் அன்றே தீர்ந்தன. வளையலில் ஒரு ஜோடியை இளையவள் கேட்டாள், மூத்தவள் முறைத்ததும் விட்டுவிட்டாள். துணிப் பெட்டி ஆபீஸ் பீரோவில் மேல் தட்டில் இருக்கிறது. இல்லத்துக்கு வரும் ஒவ்வொரு பொருளையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ‘நன்கொடை’ என்றோ ‘குழந்தையின் சொந்த உடைமை’ என்றோ. நன்கொடை என்றால் வேறு பிள்ளைக்கும் கொடுக்கலாம். சொந்த உடைமை என்றால் அவள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் போட மாட்டேன் என்கிறாள். போன மாத ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்த வரியில் வட்டம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.